டயர் சூடாக்க ஒரு மனைவி

கிறிஸ்துமஸ் விருந்தில், பாதி வெட்டிய வான்கோழியைச் சாட்சியாக வைத்து, ரோலண்ட் பெம்பர் ஒரு சபதம் செய்தார்.

“வர்ற சீசன்ல இந்தக் கார்ல ஒரு கோப்பை இந்த வீட்டுக்கு வரும். வரலேன்னா காரை வித்துடறேன்!”

யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் தூண்டவில்லை. மூன்றாவது கிளாஸ் ஷெர்ரி ஒயின்தான் தூண்டியது. ஆனாலும் சொல் வெளியே வந்துவிட்டது. அதுவும் யார் முன்னால்? பக்கத்து வீட்டு பேசில் க்ராப் முன்னால். பேசில் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா ரோலண்ட்?”

“ஆம்பளை பேச்சு!”

“சரிப்பா. அப்போ நானே வாங்கிக்கறேன். வேற யாருக்கும் குடுத்துடாதே.”

ரோலண்டின் மனைவி ஹெட்டி கிண்ணத்தை நீட்டினாள். “பேசில், இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு?” என்று மட்டும் கேட்டாள். பேசில் சந்தோஷத்தில் இரண்டு முறை போட்டுக்கொண்டார்.

அந்தக் கார் ரோலண்டின் உயிர். பச்சை நிறம். இரண்டே இருக்கை. துணிக் கூரை. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அதில் கடைக்குப் போவார், வேலைக்குப் போவார், கோடை ஞாயிறுகளில் மேடேறும் போட்டிக்கும் போவார். ஏதோ ஒரு பழைய பிரபு வீட்டுத் தோட்டப் பாதை, செங்குத்தாக மலைமேல் போகும். ஒரு நேரத்தில் ஒரு கார். நின்ற இடத்திலிருந்து கிளம்பி உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். குறைந்த நேரத்தில் போனவர் ஜெயித்தவர். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஷ்ராப்ஷயர் மாவட்டம் முழுக்க மனிதர்கள் விடியும் முன் எழுந்து, சேற்றில் கார்களை நிறுத்தி, நாள் முழுக்கத் தேநீர் குடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

ரோலண்டுக்கு மேடு தெரியும். வளைவு தெரியும். எந்த மரத்தடியில் ஈரம் காயாமல் கிடக்கும் என்பதுகூடத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். கிளம்பத் தெரியாது.

எஞ்சினை உறுமவிட்டு, க்ளட்சிலிருந்து காலைச் சடாரென்று எடுப்பார். பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். புகை எழும்பும். ரப்பர் கருகும். கார் மட்டும் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும். அடுத்த முறை பயந்துபோய் உறுமலைக் குறைப்பார். கார் ஒரு தும்மல் போட்டு அணைந்துவிடும். சத்தம் வந்தாலே வேலை நடக்கிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. பல வருஷம் கவுன்சில் ஆபீசில் இருந்ததால் வந்த நம்பிக்கையாக இருக்கலாம்.

சபதம் செய்த சீசன் பிறந்தது. ஏப்ரல் வந்தது, கோப்பை வரவில்லை. மே மாதம் மழை வந்தது. ஜூனில் எஞ்சின் அணைந்தது. ஜூலையில் புகை. ஆகஸ்டில் முதலில் புகை, பிறகு எஞ்சின் அணைந்தது. இரண்டும் ஒரே ஓட்டத்தில். இனி மிச்சம் இருந்தது செப்டம்பர் கடைசி ஞாயிறு, தார்ன்கம் மேட்டில் நடக்கும் ஒரே ஒரு போட்டி.

ஒரு சனிக்கிழமை காலை பேசில் அளவு நாடாவோடு வந்தார். காரின் நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார்.

“என்னப்பா இது? தையற்காரன் மாதிரி?” என்றார் ரோலண்ட்.

“என் கராஜ்ல புல்வெட்டி மெஷின் இருக்கு. அதை நகர்த்தணுமா வேண்டாமானு பாக்கறேன்.”

“இன்னும் ஒரு போட்டி பாக்கி இருக்கு!”

“இருக்கட்டும் இருக்கட்டும். நகர்த்தறதுக்கும் நாள் வேணுமில்ல?”

ரோலண்டுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கணக்கு பேசில் பக்கம்தான் இருந்தது. அவர்கள் பிரிவில் மூன்று பேருக்குக் கோப்பை. முதல் இரண்டு இடம் ஹாரப் சகோதரர்களுக்கு. அதில் மாற்றமே கிடையாது. மூன்றாவது இடம் எப்போதும் பேசிலுக்கு. பேசிலை ஜெயித்தால் கோப்பையும் வரும், காரும் மிஞ்சும். தோற்றால் கார் பக்கத்து வீட்டுக்குப் போகும். தினமும் வேலி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

அன்று முழுக்க யோசித்தார். மாலையில் பளிச்சென்று ஒன்று நினைவுக்கு வந்தது. ஹாரப் சகோதரர்கள் இரண்டு பேரும் ஒரே காரைத்தான் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டுவது அங்கே வழக்கம்தான். அண்ணன் முதலில் ஓட்டிவிட்டு இறங்குவான், தம்பி ஏறுவான். ஜெயிப்பது எப்போதும் தம்பி! ஏன்? அண்ணன் ஓட்டிய ஓட்டத்தில் டயர் சூடாகிவிடுகிறது. சூடான டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கும். ஆறின டயர் வழுக்கும். வழுக்கினால் புகை. ஆக, இத்தனை வருஷமாக ரோலண்டின் காலில் குற்றமே இல்லை! எல்லாம் டயரின் குற்றம்!

டயரைச் சூடாக்கப் போர்வை மாதிரி ஒரு சாதனம் உண்டு. போட்டி நடத்தும் சங்கத்து விதிப்படி அது கூடாது. ரோலண்ட் விதியை நன்றாக யோசித்துப் பார்த்தார். போர்வைக்குத்தான் தடை. மனைவிக்குத் தடை இல்லை.

ஹெட்டி வரவேற்பறையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ரோலண்ட் எதிரே உட்கார்ந்து, குரலில் தேனைக் குழைத்துக்கொண்டார்.

“பாவம் ஹெட்டி நீ. எத்தனை வருஷமா அந்த ஸ்டார்ட் கோட்டுக்குப் பக்கத்துல மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சாண்ட்விச் டப்பாவுக்குக் காவல் காக்கற!”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

“மனசு கேக்கல. நீயும் ஓட்டணும்.”

“எதை?”

“நம்ம காரைத்தான். தார்ன்கம் போட்டியில.”

ஹெட்டி எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லையே.”

“கிண்டல் பண்ணாதே. புருஷன் பொண்டாட்டி எத்தனையோ பேர் ஒரே கார்ல ஓட்டறாங்க.”

“போன வருஷம் நான் கேட்டப்போ க்ளட்ச் தேஞ்சு போயிடும்னீங்க.”

“அது போன வருஷம். இப்போ க்ளட்ச் புதுசு.”

“அதுக்கு முந்தின வருஷம் ஹெல்மெட் போட்டா என் முடி கெட்டுடும்னீங்க.”

“இப்பதான் நீ முடியை வெட்டிட்டியே!”

“சரி,” என்றாள் ஹெட்டி. “யாரு முன்னாடி போறது?”

இந்தக் கேள்விக்காகத்தான் ரோலண்ட் காத்திருந்தார். எழுந்து நின்றார். மார்பில் கை வைத்தார்.

“பெண்களுக்குத்தானே முதல் மரியாதை!”

ஹெட்டி மறுபடி பின்னலைக் கையில் எடுத்தாள். “ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு,” என்றாள். தன் மனசின் அளவை எண்ணி ரோலண்டுக்கே கண் கலங்கியது.

மறுநாள் ஞாயிறு. பூச்செடி விற்கும் கடையின் காலி கார் நிறுத்தத்தில், கடை திறக்குமுன் பாடம் தொடங்கியது. ஹெட்டி காருக்குள். ரோலண்ட் வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“க்ளட்சை முழுக்க மிதி. ஃபர்ஸ்ட் கியர் போடு. இப்ப எஞ்சினை உறும விடு. இன்னும்! இன்னும்! சிங்கம் மாதிரி!”

“அக்கம்பக்கத்துல தூங்கறாங்க.”

“எழுந்திருக்கட்டும். இப்ப க்ளட்சை விடு. சடார்னு! ஒரே அடியா!”

“ஒரே அடியா விட்டா அது பாவம் திணறாதா?”

“கார் எதுக்குத் திணறப் போகுது? ஓட்டறவன்தான் திணறுவான்.”

“ஆமா, பாத்திருக்கேன்.”

ரோலண்ட் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹெட்டி தன் போக்கில் எஞ்சினை லேசாக ஏற்றினாள். சிங்கம் வரவில்லை, பூனைதான் வந்தது. இடது காலை மெல்ல உயர்த்தி, க்ளட்ச் பாதி பிடிக்கிற ஆஃப் க்ளட்சுக்கு வந்தாள். காரின் பின்பக்கம் கொஞ்சம் குந்தியது. அங்கேயே ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு இடது கால் மேலே வர வர, வலது கால் கீழே போனது. ரோலண்ட் மூக்கைச் சொறிந்துவிட்டு நிமிர்ந்தபோது கார் அந்த இடத்தின் மறுகோடியில், பூந்தொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் நின்றது.

அவர் மூச்சிரைக்க ஓடினார்.

“எப்போ கிளம்பினே? நான் பாக்கவே இல்லையே!”

“நீங்க மூக்கைச் சொறிஞ்சப்போ.”

“இதுக்குப் பேர் ஸ்டார்ட்டா? புகை எங்கே? சத்தம் எங்கே? பால் வாங்கக் கடைக்குப் போற மாதிரி இருக்கு.”

“ஆனா சீக்கிரமா வந்துட்ட மாதிரி இருந்துதுங்க.”

“புதுசா ஓட்டறவங்களுக்கு அப்படித்தான் தோணும்.”

ரோலண்டுக்கு உள்ளூர நிம்மதி. இவள் இப்படியே போனால் போதும். ஜெயிக்கவா போகிறாள்? டயர் சூடானால் சரி. பெருந்தன்மையோடு அவள் தோளில் தட்டி, “பரவாயில்ல, முதல் நாள்தானே,” என்றார். ஹெட்டி தலையாட்டினாள்.

போட்டி நாள் வந்தது. தார்ன்கம்மில் வானம் சாம்பல் நிறத்தில் இருந்தாலும் மழை இல்லை. ஹெட்டி ரோலண்டின் பழைய பந்தய அங்கியைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குத் தொளதொளவென்று இருந்தது அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. ஹாரப் அண்ணன் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். பேசில் சிரித்தார்.

“என்ன ஹெட்டி, நீங்களுமா? கடைசி தடவை ஓட்டிப் பாத்துடலாம்னா?”

“ஆமா பேசில். உங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை.”

ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டில் நல்லது எதுவோ அதுதான் கணக்கு. ஸ்டார்ட் கோட்டில் கார் வந்து நின்றதும், மேட்டில் பின்னால் உருளாமல் இருக்க ஒரு ஆள் நீளக் கம்பு ஒன்றின் நுனியிலிருக்கும் மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளுவார். அப்புறம் பச்சை விளக்கு. பச்சை எரிந்ததும் பதற வேண்டியதே இல்லை. கார் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் ஓடும். ஆற அமரக் கிளம்பலாம். இது ரோலண்டுக்கு மனப்பாடம். பச்சையைப் பார்த்ததும் மறந்துபோகும், அவ்வளவுதான்.

முதல் ஓட்டத்தில் ஹெட்டி அடக்க ஒடுக்கமாகப் போய்விட்டு வந்தாள். நடுவாந்தரமான நேரம். ரோலண்ட் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கின ரொட்டி மாதிரி இருந்தது! முகம் மலர ஏறி உட்கார்ந்தார். கோட்டுக்கு வந்தார். பச்சை எரிந்தது. சிங்கத்தை உறும விட்டார். க்ளட்சைச் சடாரென்று விட்டார்.

ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்கிறவர் உற்சாகமான மனிதர். “ரோலண்ட் பெம்பர் கிளம்பிவிட்டார்!” என்றார். ஒரு நொடி பொறுத்து, “இல்லை, இன்னும் கிளம்பவில்லை,” என்றார். புகை விலகியபின், “இதோ, இப்போது கிளம்பிவிட்டார்,” என்றார். மரக்கட்டை தள்ளுகிறவர் புகைக்குள் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

சூடான டயரும் புகைந்தது. குற்றம் டயரில் இல்லை என்பது ரோலண்டின் மண்டைக்குள் மெதுவாக நுழையப் பார்த்தது. அவர் விடவில்லை.

மதியம் ரோலண்ட் சாண்ட்விச்சைத் தொடவே இல்லை. பேசில் மூன்றாவது இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ரோலண்ட் அதற்கு வெகு கீழே. பேசில் பன்றிக்கறி அடைத்த பணியாரம் ஒன்றைக் கடித்துக்கொண்டே வந்தார்.

“ரோலண்ட், அந்தத் துணிக் கூரையில ஒரு கிழிசல் இருக்கே. அதைத் தைச்சுக் குடுப்பியா, இல்ல நானே தைச்சுக்கணுமா?”

“போட்டி இன்னும் முடியல பேசில்.”

“முடியலதான். சும்மா கேட்டு வச்சுக்கறேன்.”

பேசில் போனதும் ரோலண்ட் மனைவியைப் பார்த்தார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

“ஹெட்டி, நான் அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.”

“எப்ப, கிறிஸ்துமஸ்லயா?”

“ஆமா.”

“பொதுவாவே இருந்திருக்கலாம்,” என்றாள் ஹெட்டி. பிறகு அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “காரை யாருக்கும் விக்க வேண்டியிருக்காது. சாப்பிடுங்க.”

இரண்டாவது ஓட்டம் தொடங்கியது. ஹெட்டி முதலில் போனாள். ரோலண்ட் அதைப் பார்க்கவில்லை. வேலிக்குப் பின்னால் நின்று, ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாண்ட்விச் டப்பாவை க்ளட்சாக நினைத்து மிதித்து மிதித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கியும் கேட்கவில்லை, கைதட்டலும் கேட்கவில்லை. டப்பா மட்டும் நசுங்கியது.

கார் திரும்பி வந்தது. ஹெட்டி இறங்கினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. கிட்டே வந்து, அவர் ஹெல்மெட்டை லேசாகத் தூக்கி, காதோடு சொன்னாள்:

“என்னங்க, பயப்படாதீங்க.”

இப்படி ஆரம்பித்தால் எந்தக் கணவன்தான் பயப்படமாட்டான்?

“என்னாச்சு?”

“க்ளட்ச்ல கருகற வாசனை வருது.”

“ஐயோ! லேசாவா, நல்லாவா?”

“எங்க அக்கா போடற டோஸ்ட் மாதிரி.”

ரோலண்ட் வெளிறிப்போனார். அந்த டோஸ்ட்டை அவர் தின்றிருக்கிறார்.

“இன்னொரு தடவை நீங்க சடார்னு விட்டீங்கன்னா அது இங்கேயே படுத்துடும்,” என்றாள் ஹெட்டி.

“அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போறது?”

“பேசில் இருக்காரே. கயித்தைக் கட்டி இழுத்துட்டுப் போவார். நல்ல மனுஷன்.”

ரோலண்ட் கண்ணை மூடி அதை நினைத்துப் பார்த்தார். முன்னால் பேசில், பின்னால் கயிறு, அதற்குப் பின்னால் தான். ஊர் முழுக்கப் பார்க்கும். பேசில் வழியெல்லாம் கையசைப்பார்.

“நான் ஓட்டாமலே இருந்துடட்டுமா?”

“ஓட்டலேன்னா கார் போயிடுமே. ஓட்டுங்க. ஆனா இடது காலுக்கு அடியில முட்டை இருக்கறதா நினைச்சுக்குங்க. மெதுவா எடுங்க.”

“மெதுவா எடுத்தா தோத்துடுவேனே ஹெட்டி!”

“தோத்தாலும் கௌரவமா தோக்கலாம். கயித்துல தொங்கிட்டு வர வேண்டாம்.”

ரோலண்ட் கோட்டுக்குப் போனார். மரக்கட்டை வந்தது. பச்சை எரிந்தது. இந்த முறை அவர் பச்சையைப் பார்க்கவே இல்லை. மூக்கை விடைத்துக்கொண்டு கருகல் வாசனை வருகிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். வாசனை ஒன்றும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கோட்டருகே நின்றிருந்த போட்டி ஆள் விளக்கைக் காட்டி, “உங்க இஷ்டப்படி கிளம்புங்க சார்,” என்று சைகை செய்தார்.

ரோலண்ட் எஞ்சினைக் கொஞ்சமாக ஏற்றினார். முட்டை. முட்டை. முட்டை. இடது காலை மயிரிழை மயிரிழையாக உயர்த்தினார். ஆஃப் க்ளட்சில் காரின் பின்பக்கம் மெல்லக் குந்தியது. இத்தனை வருஷத்தில் அந்தக் குந்தலை அவர் ஒருமுறைகூட உணர்ந்ததில்லை, அதற்கு நேரம் கொடுத்தால்தானே? கார் அவரிடம் ஏதோ சொல்வதுபோல இருந்தது. இப்போது, என்றது. வலது கால் கீழே போனது. முட்டை உடையாமல் இடது கால் மேலே வந்தது.

முதுகில் யாரோ பலமாகத் தள்ளினார்கள். புகை இல்லை. கீச்சென்ற சத்தம் இல்லை. முதல் வளைவு எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து நின்றது. ‘போச்சு, எல்லாம் போச்சு, வேகமே இல்லை,’ என்று புலம்பிக்கொண்டே ரோலண்ட் மேடு முழுக்க ஏறினார்.

உச்சியில் ஓட்டி முடித்தவர்கள் கார்களை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். பேசில் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு வந்தார்.

“என்னப்பா, சத்தமே காணோம்? ரிப்பேரா?”

ரோலண்ட் ஹெல்மெட்டைக் கழற்றினார். அப்போது ஒலிபெருக்கி பேசியது. ரோலண்ட் பெம்பரின் வாழ்நாளிலேயே இதுதான் சிறந்த நேரம் என்றது. பேசில் க்ராப்பை முந்திவிட்டார் என்றது. “இன்னொரு செய்தி,” என்று நிறுத்தி, “இன்றைக்கு இந்தப் பிரிவில் மிக வேகமான ஸ்டார்ட் யாருடையது தெரியுமா? எனக்கே நம்ப முடியவில்லை!” என்றது.

ரோலண்ட் பேசிலைக் கட்டிப்பிடித்தார். பேசிலுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஹாரப் தம்பியைக் கட்டிப்பிடித்தார். யாரும் கிடைக்காதபோது காரின் பானெட்டைக் கட்டிப்பிடித்தார். சூடாக இருந்தது. பரவாயில்லை. கார் அவருடையது! நாளைக்கும் அவருடையது! பேசில் புல்வெட்டி மெஷினை இருந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம்!

பரிசளிப்பு கூடாரத்துக்குள் நடந்தது. ரோலண்ட் தலைவாரிக்கொண்டார். அங்கியின் பொத்தான்களைப் போட்டார். பேசத் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று இரண்டு வாக்கியங்களும் தயார் செய்துகொண்டார். இரண்டிலும் விடாமுயற்சி வந்தது.

முதலில் ஹாரப் தம்பி. இரண்டாவது ஹாரப் அண்ணன். எல்லாரும் கை தட்டினார்கள்.

“மூன்றாம் இடம், முதல் போட்டியிலேயே, ஹெட்டி பெம்பர்!”

ரோலண்டும் கை தட்டினார். நான்கைந்து முறை தட்டியபிறகு கைகள் தாமாகவே நின்றன.

“பேசில்,” என்றார் மெதுவாக. “நாலாவது யாரு?”

“நீதான்.”

“அஞ்சாவது?”

பேசில் கூடாரத்தின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நொடி ரோலண்டின் முகம் சுருங்கியது. கிளம்பியதில் அவர்தான் முதல். ஆனால் வளைவுகளில் ஹெட்டி அவரைத் தின்று ஏப்பம் விட்டிருந்தாள். வளைவெல்லாம் தனக்குத் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னது? அவரேதான். பிறகு மேடையைப் பார்த்தார். அவருடைய பழைய அங்கியில், கலைந்த முடியோடு, சின்னக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்டி நின்ற நிற்பைப் பார்த்தார். அவளை இவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்து வெகு காலம் ஆகிவிட்டது. ரோலண்டுக்கு நெஞ்சு நிறைந்தது. நாற்காலிமேல் ஏறி நின்று, கூடாரத்திலேயே பலமாக அவர்தான் கை தட்டினார்.

பேசில் மட்டும் மனம் தளரவில்லை. ஹெட்டி இறங்கி வந்ததும் வழிமறித்தார்.

“வாழ்த்துகள் ஹெட்டி. ஆனா ரோலண்டுக்குக் கோப்பை வரலையே. அப்போ அந்தச் சபதம்?”

“இந்தக் கார்ல ஒரு கோப்பை வீட்டுக்கு வரும்னுதானே பேசில் சொன்னார்? யாரோடதுன்னு சொல்லலையே. நீங்கதான் உருளைக்கிழங்குல கவனமா இருந்துட்டீங்க.”

பேசில் அளவு நாடாவைப் பையின் அடியில் திணித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஹெட்டி சாவிக்குக் கை நீட்டினாள். கோப்பை வாங்கினவளிடம் தகராறு செய்ய முடியுமா? ரோலண்ட் பக்கத்து இருக்கையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தார்ன்கம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் சிக்னல் விழுந்தது. கார் நின்றது.

“ஹெட்டி, பாத்து எடு. க்ளட்ச் ஏற்கெனவே கருகியிருக்கு.”

“எந்த க்ளட்ச்?”

“நம்ம க்ளட்ச்தான்! டோஸ்ட் வாசனைன்னியே!”

“அது டோஸ்ட் வாசனைதாங்க. தேநீர்க் கடையில போட்டுட்டிருந்தாங்க.”

ரோலண்ட் குனிந்து க்ளட்ச் பக்கம் மோந்து பார்த்தார்.

“அப்ப க்ளட்சுக்கு ஒண்ணுமில்லையா?”

“கல்லு மாதிரி இருக்கு. மெதுவா விடுங்கன்னு இத்தனை வருஷமா அந்த நாற்காலியில இருந்து கத்திட்டிருக்கேன். கேட்டீங்களா? அதான் பயமுறுத்த வேண்டியதாப் போச்சு.”

ரோலண்ட் கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் முதுகில் வாங்கின அந்தத் தள்ளல் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. மேலும், அவருக்கு இன்னொரு யோசனை உதித்துவிட்டது. கிளம்பும் வித்தை இனி கைவசம். டயரோ சூடாகக் கிடைக்கும். அடுத்த சீசனில் ஹாரப் சகோதரர்களே திரும்பிப் பார்க்க வேண்டும்! கோப்பையைத் துடைத்துக்கொண்டே, குரலில் மறுபடி தேனைக் குழைத்தார்.

“ஹெட்டி, அடுத்த வருஷமும் நாம சேர்ந்தே ஓட்டுவோம். எப்பவும் போல நீயே முன்னாடி போ. பெண்களுக்குத்தானே முதல் மரியாதை?”

பச்சை எரிந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. ரோலண்டின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது.

“வேண்டாங்க,” என்றாள் ஹெட்டி. “இனிமே வயசுல மூத்தவங்க, நீங்க முன்னாடி போங்க. எனக்கும் டயர் சூடா இருந்தா நல்லாத்தான் இருக்கும்.”